வாய் லைக்கன் பிளேனஸும் வாய் வறட்சியும்: எச்சிலை அளப்பது முதல் இரவுப் பராமரிப்பு வரை

லைக்கன் பிளேனஸ் என்பது உடலின் எதிர்ப்பு மண்டலமே தோலையும் வாயின் உள்சவ்வையும் தாக்குவதால் வரும் நாள்பட்ட அழற்சி நோய். அது உள்ள வாய் வறண்டும் போனால், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். கன்னத்தின் உள்சவ்வுக்கும் பல்லுக்கும் நடுவே எச்சில் ஒரு வழவழப்பான படலமாக நின்று உராய்வைத் தடுக்கிறது. அந்தப் படலம் மெலிந்தால் பேசும்போதும் மெல்லும்போதும் சவ்வு பல்லில் உரசும். உரசிய இடத்தில் புதிய திட்டு கிளம்புவது லைக்கன் பிளேனஸின் குணம். தோல் மருத்துவர்கள் இதைக் கோப்னர் நிகழ்வு என்பார்கள். எனவே வறட்சியை ஒரு சின்னத் தொந்தரவாக ஒதுக்கிவிட முடியாது. அதைச் சரிசெய்வது லைக்கன் பிளேனஸ் சிகிச்சையிலேயே ஒரு பகுதி.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வாய் வறட்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகளை அப்படியே பின்பற்றாதீர்கள். எலுமிச்சைச் சாறு, புதினா மிட்டாய், இலவங்கப்பட்டை வாசனையுள்ள சூயிங்கம், 'புத்துணர்ச்சி' தரும் வாய்க் கொப்பளிப்பான் ஆகியவை மற்றவர்களுக்கு எச்சில் ஊறச் செய்யலாம். சிவந்து தோலுரிந்த லைக்கன் பிளேனஸ் வாயில் இவை எரிச்சலையும் புண்ணையும்தான் கூட்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த நோய் உள்ள வாயை மனத்தில் வைத்தே சொல்லப்பட்டிருக்கிறது.

முதலில்: எச்சில் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

'வாய் வறண்டிருக்கிறது' என்ற உணர்வு வேறு, எச்சில் சுரப்பு குறைந்திருப்பது வேறு. லைக்கன் பிளேனஸ் உள்ளவர்களில் இரண்டும் பல நேரங்களில் பொருந்துவதில்லை. கன்னத்தில் வலை போல ஓடும் வெள்ளைக் கோடுகள், நாக்கில் படியும் வெண்திட்டு, மொட்டுகள் தேய்ந்து வழுக்கையான நாக்குப் பரப்பு ஆகியவை எச்சில் போதுமான அளவு இருக்கும்போதும் சொரசொரவென்று, காய்ந்தது போலத் தோன்றச் செய்யும். அளந்து பார்க்காமல் வறட்சிக்கு மருந்து தேடினால் மாதக்கணக்கில் தவறான பக்கம் போய்விடுவீர்கள்.

வீட்டிலேயே அளக்கலாம். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, ஒரு சின்னக் கோப்பை, கடிகாரம் இருந்தால் போதும்.

1. காலை 9 முதல் 11 மணிக்குள் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய 90 நிமிடங்களில் சாப்பிடவோ குடிக்கவோ பல் துலக்கவோ புகைக்கவோ கூடாது.
2. வெறும் கோப்பையை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். பிறகு வாயில் உள்ள எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைத் தொடங்குங்கள்.
4. தலையைச் சற்று முன்னால் குனிந்து, உதட்டைக் கோப்பை விளிம்பில் வைத்து, ஊறும் எச்சில் தானாக வடியட்டும். 15 நிமிடம் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, நாக்கைச் சுழற்றவும் கூடாது.
5. மீண்டும் எடைபோடுங்கள். 1 கிராம் கூடியிருந்தால் ஏறக்குறைய 1 மில்லி எச்சில் என்று கொள்ளலாம்.

15 நிமிடத்தில் 1.5 கிராம் அல்லது அதற்கும் குறைவு என்றால், நிமிடத்துக்கு 0.1 மில்லிக்கு மேல் சுரக்கவில்லை என்று பொருள். இது மருத்துவ அளவுகோலிலும் குறைவுதான். நலமாக இருப்பவருக்கு ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லி வரை, அதாவது 15 நிமிடத்தில் 4.5 முதல் 6 கிராம் வரை சேரும். மில்லி அளவுக் கோடு போட்ட கோப்பையை நம்ப வேண்டாம். வறண்ட வாயின் எச்சில் நுரைத்து வரும், நுரை அளவைக் கூட்டிக் காட்டும். எடைதான் சரியான கணக்கு. வேறு வேறு நாள்களில் இரண்டு முறையாவது அளந்து பாருங்கள். ஒருநாள் பதற்றமே எச்சிலைக் குறைத்துவிடும்.

இன்னொரு அளவும் எடுத்தால் சிகிச்சையின் திசை தெளிவாகும். சுவையில்லாத மெல்லும் மெழுகை 5 நிமிடம் மென்று, ஊறும் எச்சிலைக் கோப்பையில் துப்பிக்கொண்டே வாருங்கள். கன்னம் புண்ணாக இருந்தால் இதைப் பல் மருத்துவரிடம் விட்டுவிடலாம். 5 நிமிடத்தில் 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால், தூண்டினாலும் எச்சில் போதவில்லை என்று பொருள். ஓய்வில் குறைந்து, மென்றால் நன்றாக ஊறுகிறது என்றால் சுரப்பிகளில் இன்னும் சக்தி இருக்கிறது. சூயிங்கமும் எச்சிலைத் தூண்டும் மாத்திரையும் பலன் தரும். இரண்டிலும் குறைவு என்றால் செயற்கை உமிழ்நீரையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். இரண்டும் இயல்பாக இருந்தும் வறட்சி உணர்வு போகவில்லையா? அப்போது முதலில் கவனிக்க வேண்டியவை லைக்கன் பிளேனஸின் அழற்சி, பூஞ்சைத் தொற்று, வாயால் மூச்சு விடும் பழக்கம் ஆகியவையே.

வறட்சி எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் மருந்துப் பெட்டியிலிருந்துதான். லைக்கன் பிளேனஸ் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய வேதனை ஒன்று இதில் இருக்கிறது: இந்த நோய்க்காகவே கொடுக்கப்படும் சில மருந்துகள் வாயை வறட்டும். தோலில் உள்ள லைக்கன் பிளேனஸ் அரிப்புக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள், வாய் எரிச்சலுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், கடுமையான லைக்கன் பிளேனஸுக்குத் தரப்படும் அசிட்ரெடின் மூன்றுமே இந்த வகை. எரிச்சல் குறைய அமிட்ரிப்டிலின் தொடங்கியவர், இரண்டு வாரம் கழித்து 'எரிச்சல் கூடிவிட்டது' என்று சொன்னால், அது வறட்சியால் வந்த எரிச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகை மருந்துகள் லைக்கன் பிளேனஸ் போலவே தோன்றும் திட்டுகளை உண்டாக்குகின்றன. இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர்கள், ஏசிஇ தடுப்பு மருந்துகள், வலி நிவாரணிகளான ஐபுப்ரோஃபென் வகை, தயாசைடு வகை சிறுநீர்ப்போக்கிகள் ஆகியவை அந்தப் பட்டியலில் அடிக்கடி வருபவை. தயாசைடு இரண்டு வகையிலும் சேரும். திட்டையும் தரலாம், வறட்சியையும் தரலாம்.

செய்ய வேண்டியது இது. ஒரு தாளில் நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் எழுதுங்கள். கடையில் சீட்டில்லாமல் வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட. ஒவ்வொன்றின் எதிரிலும் தொடங்கிய மாதம், அளவு, எடுக்கும் நேரம். அருகிலேயே வறட்சி தொடங்கிய மாதம், வாய்த் திட்டு முதலில் தெரிந்த மாதம். இந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி, மாற்று மருந்து உண்டா, அளவைக் குறைக்க முடியுமா, தூக்கம் வரவழைக்காத மருந்து என்றால் இரவு வேளையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் வறட்டும் மருந்தும் உச்சத்தில் இருந்தால் காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பீட்டா பிளாக்கரையும் இன்னொரு இரத்த அழுத்த மருந்தான குளோனிடினையும் திடீரென நிறுத்துவது ஆபத்து.

மருந்து காரணமில்லை என்றால், இரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல் தினமும் 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் எதிர்ப்பு மண்டலம் கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயைத் தேட வேண்டும்: ரோ (anti-Ro) எதிரணு, கண்ணீர் அளக்கும் ஷிர்மர் சோதனை (5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டர் அல்லது குறைவு என்றால் வறட்சி), தேவைப்பட்டால் கீழுதட்டின் சிறு எச்சில் சுரப்பித் திசு. ஹெபடைடிஸ் சி தொற்றுக்கு லைக்கன் பிளேனஸோடும் வாய் வறட்சியோடும் தொடர்பு உண்டு. இரண்டும் ஒருவருக்குச் சேர்ந்திருந்தால் அந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நியாயம். சர்க்கரை அளவு, இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சத்துக் குறைவால் வழுக்கையாகும் நாக்கும் வறட்சி போலத்தான் உணர்த்தும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கு வெள்ளைக் கோடுகளும் வறட்சியும் சேர்ந்து வந்தால், அது வேறு நோயாக இருக்கலாம். அவர்கள் தாமதிக்காமல் அந்தச் சிகிச்சைக் குழுவிடமே போக வேண்டும்.

பகல் நேரம்: நீர், சூயிங்கம், செயற்கை உமிழ்நீர்

தண்ணீர் வேண்டும், ஆனால் அதை ஓயாமல் குடித்துக்கொண்டே இருப்பது உதவாது. எச்சிலில் உள்ள மியூசின் என்ற வழவழப்புப் பொருள்தான் சவ்வின் மேல் ஒட்டி நின்று காக்கிறது. தண்ணீரில் அது கிடையாது. நிமிடத்துக்கொரு மடக்கு குடித்தால் இருக்கும் கொஞ்சம் மியூசினும் கழுவிப் போய்விடும். ஒரு சிறு மடக்கை எடுத்து, சுமார் 10 விநாடி வாயில் மெல்லச் சுழற்றி, பிறகு விழுங்குங்கள். சாப்பிடும்போது மட்டும் தாராளமாக, கவளத்துக்கு ஒரு மடக்கு வைத்துக்கொள்ளலாம். பனிக்கட்டி பிடிக்கும் என்றால் கூர்முனை கரைந்து மழுங்கிய பிறகு வாயில் போடுங்கள். சோடா வகைப் பானங்கள் சர்க்கரை இல்லாதவையாக இருந்தாலும் அமிலம் கொண்டவை, அவை வேண்டாம்.

மெல்லும்போது எச்சில் ஊறுகிறது என்று அளவீட்டில் தெரிந்தவர்கள், சாப்பிட்ட பின் 10 முதல் 20 நிமிடம் சர்க்கரையில்லாச் சூயிங்கம் மெல்லலாம். சைலிட்டால் சேர்ந்தது நல்லது. சுவையைப் பார்த்து வாங்குங்கள்: இலவங்கப்பட்டை கூடவே கூடாது. அதிலுள்ள சின்னமால்டிஹைடு, படும் இடத்திலேயே லைக்கன் பிளேனஸ் போன்ற திட்டை உண்டாக்கக் கூடியது. சூயிங்கத்தையும் பற்பசையையும் மாற்றியதுமே வாய் தெளிந்தவர்கள் உண்டு. காட்டமான புதினாவும் புளிப்புப் பழச் சுவையும் எரியும். கன்னத்தில் திறந்த புண் இருக்கும் நாள்களில் மெல்லவே வேண்டாம். வறண்ட கன்னம் பல்லிடையே சிக்கிக் கடிபடும். சைலிட்டால் அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாய்க்கு அது உயிராபத்தான நஞ்சு.

உறிஞ்சும் மாத்திரைகளைப் பொறுத்தவரை எங்கள் கருத்து கறாரானது. விளிம்பு கூரான கடின மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பது, புண்ணுள்ள இடத்தில் உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். தேவையென்றால் மென்மையாகக் கரைவதை நாக்கின் நடுவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை உமிழ்நீர் தெளிப்பாகவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ், சாந்தன் பசை, மியூசின் என்று அடிப்படைப் பொருள்கள் வேறுபடும். மியூசின் பன்றியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது வழக்கம் என்பதால், அதைத் தவிர்ப்பவர்கள் அட்டையைப் படித்துப் பார்ப்பது நல்லது. அட்டையில் சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம், ஆல்கஹால், புதினா எண்ணெய் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். அமிலம் எச்சிலைத் தூண்டுவதற்காகச் சேர்க்கப்படுகிறது. பல் உள்ளவருக்கு அது எனாமலைக் கரைக்கும், புண் உள்ளவருக்கு எரியும். எலுமிச்சையும் கிளிசரினும் தோய்த்த பஞ்சுக் குச்சிகளும் இதே காரணத்தால் ஆகாது.

ஜெல் தடவும் முறை: ஒரு மடக்கு நீரால் வாயை நனைத்து விழுங்குங்கள். பட்டாணியளவு ஜெல்லை நாக்கின் மேல் வைத்து, நாக்காலேயே கன்னங்களுக்கும் மேலண்ணத்துக்கும் பரப்புங்கள். நாக்கு எட்டாத இடத்துக்குச் சுத்தமான விரல் நுனி. காய்ந்த வாயில் நேராகத் தடவினால் ஜெல் திட்டுத் திட்டாக ஒட்டி, சற்று நேரத்தில் நூல் நூலாக உரியும். பலரும் 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று கைவிடுவது இந்தத் தவறால்தான். இதன் பலன் அதிக நேரம் நிற்காது. எனவே காலையில், உணவுக்கு முன், நீண்ட நேரம் பேசப் போவதற்கு முன், படுக்கும்போது என்று தேவைப்படும் தருணத்துக்கு ஒதுக்கிப் பயன்படுத்துங்கள். புதிய பொருள் எதுவானாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும், 3, 4 நாள் பாருங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால் எரித்தது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வறண்ட வாயில் ஸ்டீராய்டு மருந்து தடவுவது எப்படி

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். லைக்கன் பிளேனஸ் அழற்சியை அடக்குவது, வாயில் தடவும் அல்லது கொப்பளிக்கும் ஸ்டீராய்டு. குளோபெட்டசோல் 0.05%, ஃப்ளூவோசினோனைடு 0.05%, பசை வடிவில் டிரையம்சினோலோன் 0.1%, கொப்பளிக்க 5 மில்லியில் 0.5 மில்லிகிராம் உள்ள டெக்சாமெத்தசோன் திரவம் ஆகியவை வழக்கமாக எழுதித் தரப்படுபவை. மருந்து ஒன்றே ஆனாலும், எச்சில் குறைந்த வாயில் அது நடந்துகொள்ளும் விதம் வேறு.

ஒட்டும் பசை வகை, ஈரத்தை உறிஞ்சி உப்பித்தான் சவ்வில் பிடிக்கும். மிக வறண்ட இடத்தில் அது மணல் மணலாகத் திரண்டு உதிரும். வழக்கமான அறிவுரை, பஞ்சால் ஒற்றி இடத்தை உலர்த்திவிட்டுத் தடவச் சொல்லும். உங்கள் வாய் ஏற்கெனவே வறண்டது என்றால் உலர்த்த வேண்டாம். ஒரு மடக்கு நீரால் நனைத்து, மெல்லிய ஈரம் இருக்கும்போதே பசையை வையுங்கள். தேய்க்காதீர்கள். விரல் நுனியால் அழுத்தி, வழுவழுப்பான படலம் உருவாகும் வரை அப்படியே பிடியுங்கள். தேய்த்தால் பசை பொடிந்துபோகும், அடியில் இருக்கும் புண்ணும் கீறும். அளவு, ஒரு திட்டுக்கு அரைப் பட்டாணி. தடியாக அப்புவதால் கூடுதல் பலன் இல்லை; விழுங்கப்படுவதுதான் கூடும்.

தடவிய பின் 30 நிமிடம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். வறண்ட வாய்க்காரருக்குக் கை தானாகத் தண்ணீர்ப் புட்டிக்குப் போகும்; ஒரு மடக்கில் மருந்து வயிற்றுக்குப் போய்விடும். 'ஸ்டீராய்டு எனக்கு வேலை செய்யவில்லை' என்று மருந்தின் வீரியத்தைக் கூட்டும் முன்பு இதைச் சரிபாருங்கள். தடவுவதற்கு முன்பே போதிய அளவு நீர் குடித்துவிட்டு, அந்த அரை மணி நேரம் புட்டியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். பேச்சையும் குறையுங்கள்.

வரிசை மிக முக்கியம்: முதலில் பல் துலக்கல், பிறகு ஸ்டீராய்டு, 30 நிமிடம் கழித்துச் செயற்கை உமிழ்நீர் ஜெல். ஜெல்லை முன்னால் தடவினால் அதன் மேல் மருந்து வழுக்கும், சவ்வைத் தொடாது.

திட்டுகள் பல இடங்களில் பரவியிருந்தால், வறண்ட வாய்க்குக் கொப்பளிக்கும் திரவமே மேல். 5 மில்லியை வாயில் எடுத்து 3 முதல் 5 நிமிடம் எல்லாப் பக்கமும் சுழற்றி, துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது, நீரால் அலசவும் கூடாது. டெக்சாமெத்தசோன் எலிக்சிர் வகைகளில் ஆல்கஹால் இருப்பது உண்டு. ஆல்கஹால் இல்லாத கரைசல் வேண்டுமென்று கேளுங்கள். ஈறு மட்டும் சிவந்து உரியும் நிலையில், பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் மென்மையான தட்டில் ஸ்டீராய்டு ஜெல்லை மெல்லியதாகத் தடவி அணியலாம். தட்டின் உள்விளிம்பை நீரில் நனைத்துவிட்டு மாட்டுங்கள். விளிம்பு எங்காவது உறுத்தினால் பொறுத்துக்கொள்ளாமல் தேய்த்து மழுங்கச் செய்யச் சொல்லுங்கள். அந்த உறுத்தலே புதிய புண்ணாகும்.

பற்களைக் காப்பது

எச்சில் குறைந்தால் சொத்தை விரைவாக வரும், அதுவும் ஈறோரத்திலும் பல் வேரிலும். வாயின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்; வேர்ப்பகுதி அதைவிட லேசான அமிலத்திலேயே கரையும். அமிலத்தை மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவருவது எச்சிலின் வேலை. அது இல்லாத இடத்தில் ஃப்ளோரைடுதான் ஈடுகட்ட வேண்டும்.

பற்பசைக்கு மூன்று தகுதிகள்: சோடியம் லாரில் சல்பேட் இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த நுரைப்பொருள் சவ்வை உரிக்கும், இலவங்கப்பட்டையும் காட்டமான புதினாவும் இருக்கக் கூடாது, ஃப்ளோரைடு 1350 முதல் 1500 பிபிஎம் (அட்டையில் ppm) வரை இருக்க வேண்டும். எரிச்சலுக்குப் பயந்து குழந்தைகளின் பற்பசைக்கு மாறுபவர்கள் பலர். சுவை மென்மைதான், ஆனால் சிலவற்றில் 500 பிபிஎம் அளவே இருக்கும். அது வறண்ட வாய்க்குப் போதாது. எச்சில் உண்மையிலேயே குறைந்த பெரியவர்களுக்கு 5000 பிபிஎம் பற்பசையைப் பல் மருத்துவர் எழுதித் தரலாம். துலக்கிய பின் துப்புங்கள், நீரால் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். மிச்சப் பசையே எரிகிறது என்றால் சுவையில்லாத பற்பசையைத் தேடுங்கள்.

மிக மென்மையான தூரிகையை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்தால் இழைகள் இன்னும் தளரும். ஈறு உரிந்த நாள்களில் துலக்குவதை நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால் பல்லில் படியும் அழுக்குப் படலம் ஈறழற்சியைக் கூட்டி, லைக்கன் பிளேனஸையும் கிளறிவிடும். அன்று வேகத்தைக் குறையுங்கள், வேலையை விடாதீர்கள்.

சாப்பிட்ட பின் கொப்பளிக்க 250 மில்லி வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்துகொள்ளலாம். அமிலத்தை நடுநிலையாக்கும், கெட்டியான எச்சிலையும் இளக்கும். உப்புச் சேர்க்கும் வழக்கம் உண்டு; திறந்த புண் இருந்தால் உப்பை விடுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லிக் கொப்பளிப்பான் தேவைப்பட்டால் ஆல்கஹால் இல்லாததாக, மருத்துவர் சொன்ன நாள்கள் மட்டும். அது பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், சுவையையும் மாற்றும். பல் மருத்துவரை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். 5% சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ள அதுவே சமயம்.

திடீரென எரிச்சல் கூடினால் பூஞ்சையைச் சந்தேகியுங்கள்

எச்சில் குறைவும் ஸ்டீராய்டும் சேர்ந்த வாய், கேண்டிடா பூஞ்சைக்கு ஏற்ற நிலம். நன்றாக இருந்த வாய் சில நாள்களில் எரியத் தொடங்குவது, வழித்தால் வரும் வெண்படலம் (லைக்கன் பிளேனஸின் வெள்ளைக் கோடு வழித்தால் வராது), செக்கச்செவேலென்ற நாக்கு, உதட்டோரப் பிளவு ஆகியவை அடையாளங்கள். இதை லைக்கன் பிளேனஸ் முற்றியதாக எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டினால் பூஞ்சைதான் செழிக்கும்.

பூஞ்சை மருந்திலும் வறண்ட வாய்க்கென்று கவனிக்க வேண்டியவை உண்டு. நிஸ்டாட்டின் திரவங்களில் சர்க்கரை சேர்ந்திருக்கும். சொத்தை வரும் வாய்க்கு அது நல்லதல்ல, சர்க்கரையில்லா வகை உண்டா என்று கேளுங்கள். வாயில் கரையும் குளோட்ரிமசோல் வில்லைகள் எச்சில் இல்லாமல் கரையாது. கரையாத துண்டு சவ்வில் தேயும். வில்லை போடும் முன் வாயை நனைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வேறு வடிவம் கேட்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்கள் மைக்கோனசோல் ஜெல்லையும் ஃப்ளுகோனசோல் மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது, இரத்தக்கசிவு ஏற்படலாம். செயற்கைப் பல் செட்டை இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, ஊறவைக்க வேண்டும். வாய்க்கு மட்டும் மருந்து போட்டு, செட்டில் பூஞ்சையை விட்டுவைத்தால் அது திரும்ப வரும்.

இரவு

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு பல் துலக்கி, ஸ்டீராய்டு தடவி, அரை மணி கழித்து ஜெல்லைத் தாராளமாகப் பரப்புங்கள். ஜெல் இல்லாத நாளில் சில சொட்டு சமையல் எண்ணெயைக் கன்னத்தின் உட்புறம் தடவலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது, எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலைக் கெடுக்கும். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு வைத்தியம் செய்யாமல் எந்த ஜெல்லும் விடியும் வரை நிற்காது. மூச்சுத்திணறலுக்காக இரவில் காற்றழுத்தக் கருவி மாட்டுபவர்கள் அதன் ஈரமூட்டியை உயர்த்திப் பார்க்க வேண்டும்.

சாப்பாடு

மொறுமொறுப்பானது, காரம், புளிப்பு, மிகச் சூடானது: நான்கையும் தவிர்த்தால் பெரும்பகுதி முடிந்தது. காய்ந்த உணவைக் குழம்போ தயிரோ சேர்த்து ஈரமாக்கிக்கொள்ளுங்கள். மதுவும் புகையிலையும் வறட்சியையும் கூட்டும், புற்றுநோய் அபாயத்தையும் கூட்டும்.

எச்சிலைத் தூண்டும் மாத்திரைகள்

பைலோகார்பின் 5 மில்லிகிராம், நாளுக்கு 3 அல்லது 4 வேளை; செவிமெலின் 30 மில்லிகிராம், 3 வேளை. இரண்டும் மருத்துவர் சீட்டில் மட்டும். சுரப்பியில் சக்தி மிஞ்சியிருந்தால்தான் இவை உதவும். முழுப் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகலாம். ஒரு வாரத்தில் கைவிடாதீர்கள். வியர்வை, முகம் சிவத்தல், அடிக்கடி சிறுநீர் ஆகியவை வரும். கட்டுக்குள் வராத ஆஸ்துமா, குறுங்கோணக் கண் அழுத்த நோய், கண்ணின் கருவிழிப்படல அழற்சி (ஐரைட்டிஸ்) உள்ளவர்களுக்கு இவை கூடாது. இதயக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

வாய் லைக்கன் பிளேனஸ், புற்றாக மாறும் வாய்ப்புள்ள நிலைகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தால் வகைப்படுத்தப்பட்டது. நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு, ஆண்டுகள் கடந்து, அப்படி மாறுகிறது. அதனால் திட்டு அமைதியாக இருந்தாலும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். 2 வாரம் தாண்டியும் ஆறாத ஒற்றைப் புண், தொட்டால் கெட்டியாக இருக்கும் இடம், ஒரு பக்கம் மட்டும் வளரும் சிவந்த அல்லது மேடான திட்டு, மரத்துப்போதல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த முறைக்காகக் காத்திருக்காதீர்கள். காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழோ வீக்கம் வந்தால் எச்சில் சுரப்பியைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் அன்றே.

கடைசியாக, அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று. உணவு தொண்டையில் நிற்பது போலிருந்தால் 'வாய் வறண்டிருப்பதால்தான்' என்று எளிதில் எண்ணிவிடுவோம். லைக்கன் பிளேனஸ் உணவுக்குழாயிலும் வரும். கவனிக்காமல் விட்டால் தழும்பு விழுந்து குழாய் குறுகிவிடும். ஒரு மடக்கு நீர் குடித்ததும் கவளம் எளிதாக இறங்கினால் வறட்சி காரணமாக இருக்கலாம். நீர் குடித்தும் நெஞ்சுக்குள் நிற்கிறது, விழுங்கும்போது வலிக்கிறது, மாத்திரை சிக்குகிறது என்றால் இரைப்பை குடல் மருத்துவரிடம் போய், வாயில் லைக்கன் பிளேனஸ் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, உள்நோக்கிப் பரிசோதனை (எண்டோஸ்கோபி) தேவையா என்று கேளுங்கள். பிறப்புறுப்பில் எரிச்சலோ புண்ணோ இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்; அதுவும் இதே நோயாக இருக்கலாம், அதற்கும் தனியே சிகிச்சை உண்டு.